பத்து மணிக்கு வந்த மின்சாரம்: ஆற்காட்டுப் பக்கத்து ஒலிபெருக்கிகள் பற்றி ஒரு குறிப்பு

ஆடியோ ஆர்வலர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வந்தே தீரும். "ஆம்ப்ளிஃபயர்னா அதோட பவர் சப்ளைதான். மத்ததெல்லாம் அலங்காரம்" என்பார் ஒருவர். "சும்மா கதை விடாதீங்க, கரண்ட்டு கரண்ட்டுதான்" என்பார் இன்னொருவர். நான் ரொம்ப நாள் இரண்டாவது கட்சி. கட்சி மாறியதற்குக் காரணம் எந்தப் புத்தகமும் இல்லை. 1980களின் நடுவில் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்த ஒரு தெருக்கூத்துதான்.

என் தாய்மாமா அப்போது மைக் செட் வைத்திருந்தார். திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழா, கோடைக்காலம். அன்றைக்குத் துகிலுரிதல் ஆட்டம். பாஞ்சாலி வேஷம் கட்டியவர் சபையில் கதறுகிற இடம் வந்தது. வடாற்காட்டு ஆட்கள் அந்த இடத்துக்காகத்தான் பாயும் தலையணையுமாக வந்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கதறல் குழாய் ஸ்பீக்கரில் கிழிந்து, ஏதோ தகரத்தை இழுக்கிற மாதிரி உறுமலாக வந்தது. கூட்டம் சிரித்துவிட்டது.

சாமி காரியத்தில் அழவேண்டிய இடத்தில் சிரிப்பு. வேஷக்காரர் அழுதது கதைக்காக அல்ல என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். விழாக் குழுவினர் மாமாவுக்குப் பாதிக் கூலி கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் செட்டை விற்றுவிட்டார். "ஓட்டத் தெரியாதவன்" என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சமீபத்தில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் சர்க்யூட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. உண்மையில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? அதைத் தேடிப்போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

மின்சாரத்துக்கு முந்திய சத்தம்

கூத்துக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லாமல்தான் இருந்தது. உச்ச சுருதியில் பாட்டு, மிருதங்கம், டோலக், தாளம், காதைத் துளைக்கிற முகவீணை, பிறகு சேர்ந்துகொண்ட ஆர்மோனியம். திறந்த வெளியில் பாடிப் பாடி உருவான குரல் அது. தீவட்டி வெளிச்சத்தில் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அது போதும்.

மின்னணு ஒலி இந்த மாகாணத்துக்கு வந்தது வேறு வழியில். 1924-ல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணம் இல்லாமல் 1927-ல் நின்றுபோனது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அரசியல் மேடைக்கு ஒலிபெருக்கியைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பம்பாயின் நானிக் மோட்வானி. அவருடைய சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் 1930கள் முழுக்கக் காங்கிரஸ் மாநாடுகளில் ஒலித்தன. 1940-ல் டெல்லியில் அகூஜா தொடங்கியது. பின்னாளில் நம்மூர் மைக் செட்டுக்காரர்கள் பலரின் பெட்டியில் இருந்த பெயர் அதுதான்.

இதில் நாம் கவனிக்காமல் விடுவது, இந்தக் கருவிகளெல்லாம் எதிலிருந்து மின்சாரம் எடுத்தன என்பதை. பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். மேட்டூர் மின்சாரம் வந்தது 1937-ல். அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் கிராமங்களுக்குக் கம்பி வந்தது. அதுவரை மேடைக் கூட்டம் என்றால் பேட்டரி. வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். பேட்டரியோ 6 அல்லது 12 வோல்ட். நடுவில் வைப்ரேட்டர் என்று ஒரு சாமான் உட்காரும். ஒரு எஃகு நாக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, நேர் மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பும். அந்தத் துடிப்பைச் சரியாக வடிகட்டவில்லை என்றால் தலைவரின் பேச்சுக்குப் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். பவர் சப்ளையின் குரல் என்று சொன்னால் நேர்ப்பொருளில் அது இதுதான்.

கிணறும் தோலும்

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. வடாற்காடு கிணற்றுப் பாசன மாவட்டம். பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான், தண்ணீர் அடியில். 1960களிலும் 70களிலும் கவலை ஏற்றம் போய் மின்மோட்டார் வந்தது. பசுமைப் புரட்சியை ஆராய 1970களில் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் வடாற்காடும் ஒன்று. 1977-ல் பி.எச். ஃபார்மர் தொகுத்த நூலில் அந்த ஆய்வுகள் வந்தன.

அதே நேரத்தில் நகரங்களில் வேறொரு மாற்றம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் மண்டிகளில் பழைய முறை என்றால் ஆவாரம் பட்டை ஊறிய தொட்டி. தொட்டிக்குக் கரண்ட் தேவையில்லை, ஆள் தேவை. 1972-ல் சீதாராமையா குழு, அரைப்பதமான தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. முழுப்பதமான தோலுக்குப் போகவேண்டும் என்றானதும் குரோம் பதனிடுதல் பெருகியது. பெரிய பெரிய மர டிரம்கள் மோட்டாரில் சுழலத் தொடங்கின. நான் ஆம்பூரில் வளர்ந்தவன். டிரம் கிளம்புகிற நேரத்தில் வீட்டு பல்பு ஒரு கண் சிமிட்டுச் சிமிட்டும். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.

இந்த மோட்டார்கள் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மேலே போகமுடியும். பல்புக்கு வோல்டேஜ் குறைந்தால் அது குறைவாக மின்சாரம் இழுக்கும். மோட்டார் நேர்மாறு. தூக்கவேண்டிய தண்ணீர் அதேதானே? அதனால் வோல்டேஜ் குறையக் குறைய அது அதிக ஆம்ப்பியர் இழுக்கும். அதனால் கம்பியில் இழப்பு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். கிளம்புகிற நொடியில் சாதாரணமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கிராமத்து லைனின் வால் பக்கம் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது வேறு மாதிரி மின்சாரம். வீட்டுக்கு வரும் வோல்டேஜ் சொன்ன அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்றது விதி. 230-க்கு அது 216 வரை. கோடையில் மோட்டார்கள் ஓடும்போது வால் பக்கத்து வீட்டில் பல்பு செம்பருத்திப் பூ மாதிரி எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த 216 சிரிப்பை வரவழைக்கும்.

இன்னொன்று. விவசாயத்துக்கான த்ரீ ஃபேஸ் நாள் முழுக்க இருக்காது. முறை வைத்து விடுவார்கள். பல ஊர்களில் ராத்திரி முறை. விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். த்ரீ ஃபேஸ் வந்ததும் ஊரிலுள்ள எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்.

மாமாவின் கூத்தில் கட்டியங்காரன் வந்து போய், ஆட்டம் சூடுபிடித்த நேரம் ராத்திரி பத்து. அந்த ஊரில் த்ரீ ஃபேஸ் வருகிற நேரமும் பத்து.

கணக்கு போட்டுப் பார்த்தால்

மாமா வைத்திருந்தது இரண்டாம் கையாக வாங்கிய வால்வு செட். இரண்டு ஈ.எல்.34 வால்வுகள், சுமார் 40 வாட். டவுனில் அப்போது டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்துவிட்டன. இவருக்குக் கட்டுப்படியானது இதுதான்.

அன்று பத்து மணிக்கு 230 வோல்ட் 170-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 170 என்பது என் அனுமானம். பல்பு எரிந்த நிறத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து எடுத்தது. ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இதைச் சரிசெய்யத் தெரியாது. வந்தது 74 சதவீதம் என்றால் கொடுப்பதும் 74 சதவீதம். ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய உச்சபட்ச வாட் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.74-ஐ 0.74-ஆல் பெருக்கினால் சுமார் 0.55. அதாவது 40 வாட் செட் 22 வாட் செட் ஆகிவிட்டது.

பாதிக்குப் பக்கமாகப் போய்விட்டதே என்று பதறவேண்டாம். காதின் கணக்கு வேறு. இது சுமார் இரண்டரை டெசிபல் வித்தியாசம்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். பவர் சப்ளை ஒன்றும் செய்யாது என்று நான் இத்தனை நாள் வாதாடியது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஆனால் வால்வுக்குள் இன்னொரு பவர் சப்ளை இருக்கிறது. அதை நான் மறந்துவிட்டிருந்தேன். ஹீட்டர். வால்வு வேலை செய்ய அதன் கேத்தோடு சிவக்கச் சூடாகவேண்டும். ஈ.எல்.34-க்கு 6.3 வோல்ட். வால்வுகளுக்குப் பொதுவாக இதில் 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் தாங்கும் என்பார்கள், அதாவது 5.7 வரை. 170 வோல்ட் வந்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது 4.7-க்கும் குறைவு. சூடு குறைந்த கேத்தோடு போதுமான எலக்ட்ரான்களைத் தராது. சாதாரண வசனத்துக்கு அது போதும். உச்சம் கேட்கும்போது மட்டும் கையை விரித்துவிடும். கேத்தோடு ஆறுவதற்குச் சற்று நேரம் பிடிப்பதால் இது ஒரே அடியாகவும் நடக்காது. பல்பு சட்டென்று மங்கும். குரல் மெல்ல மெல்லக் கம்மும். "துணி போத்திகினு பேசுற மாரி ஆச்சு" என்று மாமா சொன்னது இதைத்தான்.

சத்தம் கம்மியதும் எந்த மைக் செட்டுக்காரரும் செய்வதை அவரும் செய்தார். வால்யூமைக் கூட்டினார்.

கூத்துக்காரர் வசனம் பேசுவதற்கு 3 வாட் போதும் என்று வைப்போம். கதறல் அதைவிட 10 டெசிபல் கூடுதல் என்றால் அதற்கு 10 மடங்கு, 30 வாட். 40 வாட் செட்டில் இது பிரச்சினையே இல்லை. மாமா வால்யூமை 3 டெசிபல் கூட்டியிருந்தால் அது 60 வாட் ஆகிறது. கையில் இருப்பது 22. ஹீட்டர் ஆறிப்போனதால் அதுவும் முழுசாக இல்லை. அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மூலத்தில் இல்லாத மேல் ஒலிகள் கிளம்பும். கூம்பு ஸ்பீக்கர் எந்தப் பகுதியைத் தூக்கலாகக் கொடுக்குமோ, அங்கேதான் இவையும் வந்து விழும். இதோடு, அதே மைக்கில் டோலக் அடியும் விழுகிறது. ஒவ்வொரு அடிக்கும் சப்ளை ஒரு குழி விழும். அந்தக் குழியில் குரலும் சேர்ந்து விழும். இதுதான் அந்த உறுமல்.

இந்தக் குழியை வெளிநாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார்காரர்கள் ஆசையாகத் தேடி வாங்குகிறார்கள். ரெக்டிஃபயர் வால்வு உள்ள பழைய ஆம்ப்ளிஃபயரில் ஓங்கி மீட்டினால் வோல்டேஜ் சற்று அமுங்கி மெதுவாக எழும். நாதம் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அவர்களுக்கு அது அழகு, பாஞ்சாலிக்கு அது அவமானம். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே இயற்பியல்.

ஆம்பூர்ப் பேட்டரி

அதே வருஷங்களில் ஆம்பூரில் கரண்ட் போன விடியற்காலைகளிலும் பாங்கு சத்தம் கண்ணாடி மாதிரி வரும். தெருவே இருட்டு, அந்தக் குரல் மட்டும் கணீரென்று நிற்கும். சின்ன வயதில் அது எப்படி என்று யோசித்ததில்லை. பதில் எளிது. பள்ளிவாசல் செட் டிரான்சிஸ்டர் செட், பக்கத்தில் 12 வோல்ட் லீட் ஆசிட் பேட்டரி. டிரான்சிஸ்டருக்கு ஹீட்டர் இல்லை. பேட்டரிக்குக் கிணற்று மோட்டார் இல்லை.

நல்ல நிலையில் இருக்கும் லாரி பேட்டரியின் உள் மின்தடை சில மில்லி ஓம்தான். 10 ஆம்ப்பியர் இழுத்தால் 0.1 வோல்ட்கூட இறங்காது. 12-ல் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எந்தக் கிராமத்து லைனும் இப்படி உறுதியாக நிற்காது.

12 வோல்ட்டில் என்ன பெரிய சத்தம் வரும் என்று கேட்கலாம். நேராக 4 ஓம் ஸ்பீக்கரில் ஓட்டினால் நாலரை வாட்தான் கிடைக்கும். அங்கேதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. டிரான்சிஸ்டர் பார்க்கிற சுமையை 1 ஓமாக மாற்றிக் கொடுத்தால், 12-இன் வர்க்கம் 144, அதில் பாதி 72 வாட் (இழப்புகளைக் கழிக்காமல்). உயர்தர ஆடியோக்காரர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். நம்மூர் மைக் செட் அதை விடாமல் வைத்திருந்ததற்கு இந்தப் பேட்டரியும் ஒரு காரணம். பழமைப் பிடிப்பு என்று நாம் நினைப்பது பல சமயம் கணக்குத்தான்.

டேப் ரிக்கார்டர் முதல் இன்வெர்ட்டர் வரை

டிரான்சிஸ்டர் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமுடியாது. கேசட் காலத்தில் ஊருக்கு ஊர் ஒருவர் 2என்3055 டிரான்சிஸ்டர் வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டினார். சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கும்போது விலை கடிக்கிற இடம் டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டரும். கை அங்கேதான் சுருங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கெப்பாசிட்டர் விநாடிக்கு 100 தடவை நிரம்புகிறது. ஒரு நிரப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் 3 ஆம்ப்பியர் இழுத்தால், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 6 வோல்ட்டுக்கு மேல் இறங்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு "ம்ம்ம்" சேர்ந்துகொள்ளும். பாட்டு நின்றால் அதுவும் நின்றுவிடும். அதனால் கடையில் சோதிக்கும்போது தெரியாது, கல்யாண வீட்டில்தான் தெரியும்.

2008-லிருந்து சில வருஷங்கள் மின்வெட்டுக் காலம். 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் உண்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். மலிவான இன்வெர்ட்டர்கள் கொடுத்தது சதுர அலை. எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் இன்வெர்ட்டரில் ஓடும்போது இரைச்சலோடு சோர்ந்தும் போயிருக்கும். மீட்டரில் வோல்டேஜ் சரியாகத்தான் காட்டியது. பிறகுதான் புரிந்தது. நம் 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325 வோல்ட். கெப்பாசிட்டர் நிரம்புவது அந்த உச்சிக்கு. 230 வோல்ட் சதுர அலைக்கு உச்சியும் 230-தான். உள்ளே கிடைப்பது 71 சதவீதம், வாட் கணக்கில் பாதி. 1980களின் கிராமத்து லைன், வேறு வேஷம் கட்டிக்கொண்டு 2012-ல் எங்கள் கூடத்துக்கே வந்திருந்தது!

இன்றைக்குக் கூத்துக்கு வரும் செட்டுகள் பலவற்றில் ஸ்விட்சிங் சப்ளை. அதில் பல ரகம் 100 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே ஒரே அளவுதான் கொடுக்கும். சப்ளை ஓரளவு உறுதியாகிவிட்டால், அதற்கு மேல் அதில் கொட்டுகிற காசு காதுக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற பவர் கார்டுகளுக்கு நான் இன்னும் எதிர்க்கட்சிதான். வித்தியாசம் கேட்பது சப்ளை பற்றாக்குறையாக இருக்கும்போது. பற்றாக்குறை என்பது நம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு அன்றாடம்.

மாமாவிடம்

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். தாளில் எழுதிய கணக்கைக் காட்டி, தப்பு உங்கள் மேல் இல்லை என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பல்பு செவந்துகினே போச்சுடா. அத நானும் பாத்தேன். லைன்ல கரண்ட் இல்லன்னு அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டாங்க?"

"வால்யூமை ஏத்தாம இருந்திருந்தா அவ்வளவு கிழிஞ்சிருக்காது மாமா."

"ஏத்தலைன்னா பின்னாடி குந்தினு இருந்த பொம்பளைங்களுக்கு ஒண்ணும் கேட்டிருக்காது. அதுங்க வந்ததே பாஞ்சாலிக்காகத்தான்."

இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "ஒரு லாரி பேட்டரி இருந்திருந்தா நின்னிருக்குமா?"

அந்த வால்வு செட் பேட்டரியில் ஓடியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "நின்னிருக்கும் மாமா" என்றேன். டிரான்சிஸ்டர் செட்டாக இருந்திருந்தால் உண்மையாகவே நின்றிருக்கும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடம் காட்டப்போகிறார் என்று கேட்கவில்லை. அன்று கூலி கொடுத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.